பழைய மேப் ஸ்கேன் பண்ண நல்ல கடை, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

ஓராங் அஸ்லி (தீபகற்ப மலேசியாவோட பூர்வகுடி மக்கள்) நில வழக்குகளுக்கு வரலாற்று ஆராய்ச்சி பண்றதுதான் என் வேலை, பழைய மேப், லேண்ட் ஆபீஸ் கடுதாசி, கம்பத்துக்காரங்க (கிராமத்து ஆளுங்க) பத்திரமா வச்சிருக்கிற பேப்பர் எல்லாம் தேடி அடுக்கி வக்கீல்கிட்ட கொடுக்கணும். ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்துல மாடியில இருக்கிற இந்த ஸ்கேன் கடைக்கு அஞ்சு ஸ்டார் தாராளமா கொடுப்பேன்.

முன்னாடி வேற ஒரு கடையில, ஓரம் அழுக்கா இருக்குன்னு அவங்களாவே வெட்டிட்டு கறுப்பு வெள்ளையில பளிச்சுன்னு எடுத்து கொடுத்தாங்க. எங்களுக்கு அந்த ஓரம்தாங்க உயிர்! பைல் நம்பர், ரப்பர் ஸ்டாம்ப் தேதி, ஆபீசர் கிறுக்கின குறிப்பு எல்லாம் அங்கதான் இருக்கும், கலரும் போயிட்டா பென்சில் கோடு எது, பின்னாடி மையில போட்டது எதுன்னு எதிர் வக்கீல் கேட்டா என்னத்த சொல்றது.

இங்க அண்ணன் பேப்பர ஜன்னல் வெளிச்சத்துல தூக்கி பார்த்துட்டு, "ரோலர்ல விட்டா மடிப்புல கிழிஞ்சிரும் தங்கச்சி"ன்னு சொல்லி, மேலேர்ந்து படம் எடுக்கிற மெஷின்ல வச்சு, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு, பின்பக்கத்தையும் சேர்த்து கலர்ல எடுத்தாரு. கம்பத்து பெரியவங்க மாஜோங் பேப்பர்ல (பெரிய வெள்ளைத் தாள்) வரைஞ்ச மேப்பும் கொடுத்தேன், ஆறு, டுரியான் மரம், முன்னோர புதைச்ச இடம் எல்லாம் கலர் பென்சில்ல குறிச்சது, ஒட்டின இடம்கூட தெரியிற மாதிரி அப்படியே எடுத்து கொடுத்தாரு.

ஓராங் அஸ்லி மக்கள்ல பல பேர்கிட்ட கிராண்ட் (நிலப்பட்டா) கிடையாது, அதனால புதைச்ச இடமும் பழமரமும்தான் சாட்சி. 1990கள்ல அடோங் வழக்குல, லிங்கியூ அணைக்காக எடுத்த நிலத்துக்கு ஜோகூர்ல இருக்கிற ஜக்குன்ங்கிற ஓராங் அஸ்லி மக்களுக்கு 26.5 மில்லியன் ரிங்கிட் நஷ்டஈடு கிடைச்சது, நம்ம கோர்ட் பூர்வகுடி நில உரிமையைப் பத்தின கனடாவோட கால்டர், ஆஸ்திரேலியாவோட மாபோ தீர்ப்பையெல்லாம் எடுத்து பார்த்துச்சு. 2002ல சாகோங் தாசி வழக்கு, கேஎல்ஐஏ ஏர்போர்ட் ஹைவேக்கு நிலம் போன தெமுவான் மக்களுக்கு (இவங்களும் ஓராங் அஸ்லிதான்) அந்த மண்ணு மேலயே உரிமை இருக்குன்னு ஹைகோர்ட் சொல்லிடுச்சு. கனடா சுப்ரீம் கோர்ட் 1997லயே வாய்வழி வரலாறையும் சாட்சியா எடுத்துக்கணும்னு சொல்லிட்டாங்க. அப்படி இருக்கும்போது மேப்புல கம்பத்து பாட்டி போட்ட ஒரு கோட்ட "கிளீன்" பண்ணி எடுத்துட்டா அது எவ்வளவு பெரிய அநியாயம் யோசிச்சு பாருங்க.

குறைன்னா லிப்ட் இல்ல, பார்க்கிங் கஷ்டம், அவசரம்னா இங்க போகாதீங்க, ரெண்டு மூணு நாள் ஆகும். பெரிய ஷீட் ஒண்ணுக்கு 25 ரிங்கிட் வாங்கினாரு. டிஃப் (TIFF) பட பைலா கேட்டு வாங்குங்க, சனிக்கிழமை மத்தியானத்தோட கடை சாத்திருவாங்க.