ஸ்டைகர் குவாட்டிராக் 620-ஆ, ஜான் டீர் 9620ஆர்எக்ஸா?

இரண்டும் 620 குதிரைத்திறன் கொண்ட பெரிய டிராக்டர்கள். இரண்டும் இடுப்பில் மடங்கித் திரும்பும். டயருக்குப் பதில் நான்கு மூலையிலும் ரப்பர் பட்டைகள், அதனால் எடை பரவி மண் அதிகம் இறுகாது. வட அமெரிக்கச் சமவெளிகளில் அகலமான விதைப்புக் கருவிகளை இழுக்கவென்றே உருவானவை.

வித்தியாசம் எஞ்சினில் தொடங்குகிறது. கேஸ் ஐஎச் நிறுவனத் தயாரிப்பான ஸ்டைகரில் எஃப்பிடி நிறுவனத்தின் 12.9 லிட்டர் எஞ்சின், ஜான் டீரில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 15 லிட்டர் எஞ்சின். சிறிய எஞ்சின் என்று ஸ்டைகரை ஒதுக்கிவிடாதீர்கள். புகையைச் சுத்தம் செய்யும் முறைதான் எனக்கு முக்கியம். ஸ்டைகர் யூரியாக் கரைசலைக் கொண்டே வேலையை முடிக்கிறது. கம்மின்ஸில் அதோடு புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் அமைப்பும், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு. பராமரிக்க வேண்டிய உறுப்புகள் கூடுகின்றன. விதைப்புக் காலத்தில் ஒரு நாள் வண்டி நின்றாலும் நஷ்டம்தான்.

கியரில் ஜான் டீர் முந்துகிறது: 18 முன், 6 பின். ஸ்டைகரில் 16 முன், 2 பின். அடிக்கடி ரிவர்ஸ் எடுப்பவருக்கு இது நிஜமான வசதி.

நான்கு பட்டை வடிவில் கேஸ் ஐஎச்சுக்கு 1996 முதலே அனுபவம். ஜான் டீரின் 9ஆர்எக்ஸ் வரிசை அறிமுகமானது 2015-ல். நீண்ட, நேரான வயல் என்றால் நான் ஸ்டைகரைத்தான் எடுப்பேன்.