நாலரைக் கட்டைக்கு இறங்கிய கதை: திருச்சியில் ஒரு வாய்ப்பாட்டு வகுப்பு

திருச்சி உறையூரில், நாச்சியார் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்திலுள்ள ஒரு மாடி வீட்டில், வயது வந்தவர்களுக்கென்று நடைபெறும் கர்நாடக வாய்ப்பாட்டு வகுப்பில் 14 மாதங்களாகப் பயின்று வருகிறேன். ஆசிரியைக்கு வயது 70-ஐக் கடந்துவிட்டது. விளம்பரம் அவருக்குப் பிடிக்காது என்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வகுப்பைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதிக்கோ, ஆனா மேடையேத்தி விடுவாங்கன்னு மட்டும் எழுதிடாதே, அந்த நெனப்புல யாராவது வந்துடப்போறாங்க" என்றார். எனவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆறு மாதத்தில் நாலு கீர்த்தனையும் அடுத்த நவராத்திரிக்கு ஒரு மேடையும் வேண்டுமென்பவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது.

இதற்கு முன் வேறொரு ஊரில், வேறொரு வகுப்பில் இரண்டு ஆண்டுகள் பயின்றிருந்தேன். அங்கே பன்னிரண்டு பேர் வரிசையாக அமர்ந்து, வயதோ குரலோ பாராமல், ஐந்தரைக் கட்டையில் ஒன்றாகப் பாடுவோம். (கட்டை என்பது பாடுபவரின் ஆதார சுருதி எவ்வளவு உயரம் என்பதை ஆர்மோனியக் கட்டைகளை வைத்துச் சொல்லும் எண், 'அரை' என்றால் கறுப்புக் கட்டை.) பெண்களுக்கு ஐந்தரைதான் 'சரியான' சுருதி என்று அங்கே சொல்லப்பட்டது, நானும் நம்பினேன். மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வைத், தாண்டியதும் கழுத்து நரம்பு புடைக்கும், மறுநாள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தால் குரல் கம்மியிருக்கும். குறை என் சாதகத்தில்தான் என்று எண்ணி, மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு இரண்டு ஆண்டுகளைக் கழித்தேன்.

உறையூர் வகுப்பின் முதல் நாளில் பாடச் சொல்லவே இல்லை. ஊர், வேலை, தூக்கம், வீட்டில் சத்தம் போட்டுப் பேசும் வழக்கம் உண்டா என்பதையெல்லாம் விசாரித்தார். நான் பேசிக்கொண்டிருந்தபோதே தம்புராவைத் தாழ்வாகச் சேர்த்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. "நீ பேசுற குரல் எங்க இருக்குன்னு பாத்தேன். ஐந்தரை உன் வீடு இல்லம்மா, அடுத்த வீட்டு மாடி" என்று சொல்லி, நாலரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார். சொன்னால் சிறிய மாற்றம்தான், ஆர்மோனியத்தில் இரண்டே ஸ்வர ஸ்தானம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்தரைக் கட்டையில் ஷட்ஜத்திற்குக் குரல் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 208 முறை அதிர வேண்டும், நாலரையில் 185 போதும். தார ஸ்தாயிப் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியின் 'ப', என்பது ஆதார ஷட்ஜத்தின் மும்மடங்கு என்பதால், அங்கே போகும்போது வித்தியாசமும் மும்மடங்காகிறது. 623 எங்கே, 555 எங்கே. இரண்டு ஆண்டுகளாக நான் முட்டிக்கொண்டிருந்த சுவர் அந்த இடைவெளியில்தான் இருந்தது. முதல் வாரத்திலேயே கழுத்து வலி நின்றது. இந்த ஒன்றுக்காகவே நான் கட்டணம் முழுவதையும் கொடுத்திருப்பேன்.

இறக்கிப் பாடுவதில் அவருக்கு உள்ள உறுதி அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. 1939-இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையத்தில் தம் பதினாறாவது வயதில் முதன்முறையாகப் பாடியவர், பிறகு குரல் தேர்வில் தேறி, பகலில் பள்ளி இசையாசிரியையாகவும் மாலைகளில் கோயில் கச்சேரிகளிலும் வானொலியிலும் பாடகியாகவும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறார். அப்போது அவருடைய சுருதி ஐந்து. நாற்பத்தெட்டு வயது வாக்கில் மேல் ஸ்தாயி நழுவத் தொடங்கியது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களின் குரல் நாண்கள் சற்றே தடித்து, குரல் தாழ்வது இயல்பு என்று அந்நாளில் அவருக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. நான்கு கட்டைக்கு இறங்கியபோது, "குரல் போயிடுச்சா?" என்று சபாக்காரர்கள் கேட்டார்களாம். பிறகு மூன்று. (இடையில் மூன்றரை என்று ஒன்று கிடையாது, ஆர்மோனியத்தில் மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. இதை வகுப்பில் கேட்டு அசடு வழிந்தவள் நான்தான்.) கச்சேரிகள் குறைந்தன. அந்தக் குறைவில்தான் பதங்களைக் கண்டுகொண்டேன் என்று அவர் சொல்லும்போது, அந்தக் குரலில் துயரம் சிறிதும் இருப்பதில்லை.

பதம் என்றால் அவருக்கு உயிர். மெதுவாக, மிக மெதுவாக, ஒரு சொல்லின் முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் நடுவே ராகம் முழுவதும் தலைகாட்டிவிட்டுப் போகும் அந்தத் தெலுங்குப் பாடல்களுக்கு, உரத்த குரலும் உச்ச ஸ்தாயியும் தேவையில்லை. மூச்சும் பொறுமையும் தேவை. வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்தின் பாணிதான் இதில் அவருக்கு இலக்கணம். தனம்மாளின் பேத்தி டி. பிருந்தாவின் ஒலிப்பதிவுகளை அவர் ஒரு பாடப்புத்தகத்தைப் போல் நடத்துகிறார். தாள வேலைப்பாட்டுக்குப் பெயர்போன காஞ்சிபுரம் நயினா பிள்ளையிடமும் பயின்று, 1976-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வரை சென்று கற்பித்த பிருந்தா, மேடையில் கைதட்டலுக்காக எதையும் செய்யாதவர். எங்கள் ஆசிரியை அவரிடம் நேரில் பயின்றதில்லை, வானொலியில் கேட்டதுதான். ஆனாலும் "பிருந்தாம்மா இந்த இடத்துல மூச்சு எடுக்க மாட்டாங்க" என்று அவர் சொல்லும் தொனி, நேற்றுப் பக்கத்து அறையில் கேட்டுவிட்டு வந்ததைப் போலிருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் கட்டணமில்லாத ஒரு கேட்கும் வகுப்பும் உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனில் தனம்மாள் தம் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வீணை வாசிப்பார், ஊரின் பெரிய வித்வான்களெல்லாம் வந்து கேட்பார்கள் என்பது பிரசித்தம். அந்த நாளைத்தான் இவரும் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு பாடலின் ஒலிப்பதிவை மூன்று முறை போடுவார். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை, பாடகி எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதற்கு மட்டும் விரலை உயர்த்த வேண்டும். மூன்றாம் முறை, பொருளைச் சொல்லிவிட்டுப் போடுவார். சிருங்காரப் பொருளை மழுப்பாமல், ஆனால் சிரிக்கவும் விடாமல் சொல்லும் கலை அவருக்கு நன்றாகக் கைவந்திருக்கிறது. பதம் பாட எங்களுக்கு இன்னும் அனுமதியில்லை. நான்கு ஆண்டுகள் ஆகட்டும் என்பது அவர் கணக்கு.

வகுப்பில் மின்னணுச் சுருதிப் பெட்டியும் இருக்கிறது, கைபேசிச் செயலியும் இருக்கிறது. இரண்டும் எங்கள் வீட்டுச் சாதகத்துக்குத்தான். வகுப்பில் பலாமரத் தஞ்சாவூர்த் தம்புராதான். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகளையும் அவர் சேர்த்து முடிக்கப் பத்து நிமிடமாகும். பிறகு குதிரையின் (தந்திகளைத் தாங்கும் கட்டையின்) மீது தந்திக்கு அடியிலுள்ள நூலை மயிரிழை நகர்த்தி ஜீவா என்னும் ரீங்காரம் பிடிக்கும் வரை யாரும் பேசக்கூடாது. தொடக்கத்தில் இது வீண் சடங்கென்று எனக்குப் பட்டது. மூன்றாம் மாதம் ஒருநாள், கீழ் ஷட்ஜம் ஒலிக்கும் மந்தரத் தந்தி மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கையில், "இதுக்குள்ள காந்தாரம் இருக்கு, தேடு" என்றார். யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் (மேலான 'க') அந்த ஒலிக்குள்ளிருந்து மெல்லிய இழையாக எழுந்து என் காதில் விழுந்தபோது எனக்கு வயது 46. ஐந்தாம் சீரிசை (தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கு) என்று இயற்பியல் புத்தகத்தில் படித்ததுதான்; கேட்டது அன்றுதான். நாங்கள் பாடும் முதல் பாடமான சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையின் காந்தாரமும் அதுவே. அன்றிலிருந்து காந்தாரத்தை நான் 'போடுவதில்லை'. தம்புராவில் ஏற்கெனவே இருப்பதோடு சேர்ந்துகொள்கிறேன்.

பாடத்திட்டம் என்னவோ எல்லாரும் அறிந்ததுதான்: சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம். புரந்தரதாசர் வகுத்ததாக நாம் வழிவழியாகச் சொல்லிவரும் அதே ஏணி. ஆனால் வேகத்தில் அவர் கெட்டி. முதல் காலம் பிசிறில்லாமல் வரும்வரை, வேகம் இரட்டிப்பாகும் இரண்டாம் காலத்துக்கு விடமாட்டார். சரளி வரிசையை முழுவதும் அகாரத்தில் பாடச் சொல்வார். ஸ்வரத்தின் பெயரைச் சொல்லும்போது மெய்யெழுத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் சுருதிப் பிசகு, வெறும் 'ஆ'வில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். தோடியின் காந்தாரத்தை ஒருநாள் காட்டினார்: அசையாத சாதாரண காந்தாரத்தைப் பாடி, "இது தோடி இல்ல" என்றார், அதையே ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாட்டிப் பாடி, "இப்ப?" என்றார். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் பெறவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தாளப் பயிற்சி போதாது. சுருதியில் இவ்வளவு கண்டிப்பானவர், தாளத்துக்குக் கை போடுவதில் நாங்கள் இழுத்துக்கொண்டு போனால் பல நேரம் கண்டுகொள்வதில்லை. அலங்காரத்துக்கு வந்த பிறகு ஏழு எண்ணிக்கை கொண்ட திஸ்ர ஜாதித் திரிபுடைத் தாளத்தில் நான் திண்டாடியதற்கு இதுவே காரணமென்று நினைக்கிறேன். வகுப்பில் ஒலிப்பதிவு செய்யவும், ஸ்வரங்கள் எழுதிய தாளைப் பார்த்துப் பாடவும் தடை உண்டு. காதால் வாங்க வேண்டும் என்ற கொள்கையை மதிக்கிறேன் என்றாலும், அலுவலகமும் வீடும் முடித்துவிட்டு வரும் எங்களுக்குச் செவ்வாயன்று கேட்டது சனிக்கிழமைக்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது. ஒருமுறை வேண்டிக் கேட்டதற்கு, பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் பதிவு செய்துகொள்ள விட்டார், அது வழக்கமாகவில்லை.

இணையவழி வகுப்பை நம்பி யாரும் சேர வேண்டாம். மழைக்காலத்தில் நான்கு வாரம் நடத்திப் பார்த்தார். ஒலி வந்து சேர்வதில் ஏற்படும் தாமதத்தால் இருவரும் சேர்ந்து பாடவே முடியாது. அதைவிட வேடிக்கை, இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவை இரைச்சலென்று எடுத்துக்கொண்டு மென்பொருள் அதை அறவே நீக்கிவிட்டது. அமைப்புகளுக்குள் போய் அந்த வடிகட்டலை நிறுத்தினோம். ஆனால் அதற்குள் அவர், "தம்புராவையே சத்தம்னு சொல்ற எடத்துல எனக்கென்ன வேலை" என்று மடிக்கணினியை மூடிவிட்டிருந்தார்.

மாதத்துக்கு எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், 1,500 ரூபாய். ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை, அதிலும் ஒவ்வொருவரும் தனியாகப் பாடியே ஆக வேண்டும். கூட்டத்தில் மறைந்துகொள்ள வழியில்லை. ஆண்களுக்கும் இடமுண்டு, எங்கள் குழுவில் ஒன்றரைக் கட்டையில் பாடும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவருக்காகத் தம்புராவை மாற்றிச் சேர்க்கும் நேரத்தில் மற்றவர்களுக்குக் காப்பி. புதியவர்களை விஜயதசமிக்குப் பிறகுதான் சேர்க்கிறார். மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடியும் ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் தம்புராவைக் கீழே திண்ணைக்குக் கொண்டுவரச் செய்து அங்கேயே சொல்லிக்கொடுக்கிறார்.