பூஸ்டரா, கேபிளா, ஆண்டெனாவா? டிவி படம் உடையும்போது எதில் கைவைப்பது

ஆண்டெனா வழியாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்பில் படம் மெல்ல மெல்ல மங்குவதில்லை. ஓர் எல்லை வரை பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே சிக்னல் இறங்கியதும் கட்டம் கட்டமாக உடைந்து, ஒலி விக்கி, திரை கறுத்துவிடும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டர்தான். வாங்குவதற்கு முன், டிவி மெனுவில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். வலிமை நிறைய, தரம் குறைவு என்றால் பூஸ்டர் வீண் செலவு. இரண்டுமே குறைவாக இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் (கூடவே கலந்து வரும் வேண்டாத மின் அலைகளையும்) சேர்த்தே பெருக்கும்; தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 30 மீட்டர் ஆர்ஜி-59 ரக ஆண்டெனா கேபிள் சுமார் 8 டெசிபலை (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு; 3 டெசிபல் போனால் சிக்னல் பாதியாகும்) விழுங்கும், சிக்னலை நான்கு டிவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நான்கு வழி ஸ்ப்ளிட்டர் இன்னும் 7. ஆக 15 டெசிபல்; ஆண்டெனா பிடித்ததில் 32-ல் ஒரு பங்குதான் டிவிக்கு வந்து சேர்கிறது. டிவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பூஸ்டருக்குக் கிடைப்பது அந்த மிச்சம்தான். இரைச்சலில் மூழ்கிப்போனதை அது மீட்டுத் தராது. அதையே கம்பத்தில், ஆண்டெனாவுக்கு ஒரு மீட்டருக்குள் பொருத்தினால் இழப்பு தொடங்குமுன்பே சிக்னல் தூக்கிவிடப்படும்.

கம்பத்து பூஸ்டரில் ஒரு வம்பும் உண்டு. அதற்கான மின்சாரம் வீட்டுக்குள்ளிருந்து அதே கேபிள் வழியாகத்தான் மேலே ஏறும். நடுவில் ஸ்ப்ளிட்டர் இருந்தால், மின்சாரம் கடத்துவதற்கென்று குறியிட்ட துளையில்தான் பவர் யூனிட்டிலிருந்து வரும் கேபிள் சேர வேண்டும். மாறிப்போனால் மின்சாரம் கிடைக்காத பூஸ்டர் சிக்னலுக்கே அடைப்பாகிவிடும்; இல்லாமலிருந்ததைவிட மோசம்.

பூஸ்டரே இல்லாமல் கேபிளை மட்டும் சரிசெய்தால்? அதே 30 மீட்டருக்கு ஆர்ஜி-6 ரகக் கேபிள் போட்டால் இழப்பு சுமார் 5.5 டெசிபல். வீட்டில் இரண்டே டிவி என்றால் நான்கு வழி ஸ்ப்ளிட்டரைக் கழற்றி இரண்டு வழி போடுங்கள். 7 என்பது 3.5 ஆகும். இரண்டும் சேர்ந்து 6 டெசிபல் மிச்சம், அதாவது நான்கு மடங்கு சிக்னல். மின்சாரம் வேண்டாம், கூடுதல் இரைச்சலும் இல்லை. எங்கள் ஓட்டு முதலில் இதற்குத்தான். கனெக்டரைக் கழற்றும்போது செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த முனையை மட்டும் வெட்டி மாற்றினால் போதாது, உள்ளே இருக்கும் உலோகக் கம்பிப் பின்னல் கறுத்திருக்கும் தூரம் வரை வெட்ட வேண்டும்.

வலிமை இருந்தும் தரம் இல்லாத இடத்தில் ஆண்டெனாவை நகர்த்துவதற்கு நிகரான வைத்தியம் குறைவு. சுவர்களிலும் கட்டடங்களிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேரே வரும் அலையோடு மோதுகின்றன. 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர் என்பதால் ஒரு சாண் நகர்த்தினாலே எண் மாறலாம். ஐந்து டிகிரி திருப்பி, பத்து விநாடி காத்திருந்து தர எண்ணைப் பாருங்கள். மீட்டர் தாமதமாகத்தான் நகரும். உயரமே எப்போதும் ஜெயிக்கும் என்றும் இல்லை.

பூஸ்டர் போட்ட பிறகு சேனல்கள் குறைந்தால் சிக்னல் அளவுக்கு மீறிவிட்டது. ஒளிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் இது சகஜம். பூஸ்டருக்கு முன்னால், சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். படம் தேறினால் பூஸ்டரையே கழற்றிவிடலாம். பக்கத்தில் மொபைல் கோபுரம் இருந்தால் அதன் அலைகளைத் தடுக்கும் ஃபில்டரும் பூஸ்டருக்கு முன்னால்தான் வர வேண்டும். பின்னால் போட்டால் பயனில்லை.

எதை மாற்றினாலும், தர எண் நிலைத்த பிறகே சேனல்களை மறுபடி தேட விடுங்கள். சிக்னல் தள்ளாடும்போது தேடினால் பல டிவிகள் இருக்கிற சேனல்களையும் பட்டியலிலிருந்து அழித்துவிடும்.