ஸ்விட்ச் போட்ட பிறகு: குறுக்குவழியா, லாப்லாஸா, சிமுலேஷனா?

12 வோல்ட் பேட்டரி, ஒரு ஸ்விட்ச், அடுத்து 3 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 6 கிலோ ஓம் ஒன்று, அதற்குப் பேரலலாக 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். கெபாசிட்டரில் சார்ஜ் எதுவும் இல்லை. ஸ்விட்சைப் போட்டால் அதன் வோல்டேஜ் எப்படி ஏறும்? செமஸ்டர் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கணக்குதான். இதைப் போட நாலு வழி இருக்கிறது: வகைக்கெழுச் சமன்பாடு, குறுக்குவழி, லாப்லாஸ், கணினியில் சிமுலேஷன். நாலையும் பாடத்தில் நடத்திவிடுகிறார்கள். எதை எப்போது கையில் எடுப்பது என்பதுதான் குழப்பம்.

வகைக்கெழுச் சமன்பாட்டை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். கிர்க்காஃப் விதியை எழுதி, தொகையிட்டு, மாறிலியைத் தேடுவதை ஒரு தடவையாவது முழுசாகச் செய்து பார்க்க வேண்டும். அந்த எக்ஸ்பொனென்ஷியல் எங்கிருந்து முளைக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும். அடுத்த தடவையும் அதையே செய்தால் அரைப் பக்கம் வீண்.

குறுக்குவழிக்கு மூன்று எண் போதும்: தொடக்க மதிப்பு, முடிவு மதிப்பு, நேர மாறிலி (மொத்த மாற்றத்தில் சுமார் 63 சதவீதம் முடிய ஆகும் நேரம்). கெபாசிட்டரின் வோல்டேஜ் சட்டென்று குதிக்காது என்பதால் தொடக்கம் 0. ரொம்ப நேரம் கழித்துக் கெபாசிட்டரில் மின்னோட்டமே இருக்காது. அதைக் கழற்றி வைத்துவிட்டதாக நினைத்தால், 12 வோல்ட் 3-க்கும் 6-க்குமாகப் பிரிந்து அதன் முனைகளில் 8 வோல்ட் நிற்கும். நேர மாறிலிக்கு, கெபாசிட்டரின் இரண்டு முனைகளில் நின்றுகொண்டு சர்க்யூட்டைப் பார்க்க வேண்டும். பேட்டரி இருந்த இடத்தில் வெறும் கம்பி என்று வைத்தால், 3-ம் 6-ம் பேரலல், அதாவது 2 கிலோ ஓம். 100 மைக்ரோ ஃபாரடால் பெருக்கினால் 0.2 விநாடி. ஆக, 0.2 விநாடியில் 5.06 வோல்ட், ஒரு விநாடியில் 7.95. முடிந்தது.

பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று 3 கிலோ ஓமை மட்டும் எடுத்து 0.3 விநாடி என்று எழுதுகிறவர்கள் ஏராளம். நானும் எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டிருக்கிறேன். இப்போது ஸ்விட்சைத் திறந்து பாருங்கள். 3 கிலோ ஓமின் பக்கம் அறுந்துபோனது, சார்ஜ் இறங்க 6 கிலோ ஓம் மட்டுமே வழி. நேர மாறிலி 0.6 விநாடி. ஏறியதைவிட மூன்று மடங்கு நிதானமாக இறங்கும். கெபாசிட்டர் அதேதான், ஆனால் ஸ்விட்ச் மாறியதும் அது வேறு சர்க்யூட்.

இண்டக்டரில் குதிக்காதது மின்னோட்டம். கடைசியில் அது வெறும் கம்பியாகிவிடும். நேர மாறிலி, இண்டக்டன்ஸை (எல்) ரெசிஸ்டன்ஸால் (ஆர்) வகுத்தால் வருவது என்பதால், ரெசிஸ்டன்ஸ் கூடக் கூட வேகமும் கூடும். கெபாசிட்டரில் பழகிய கை இங்கே தடுமாறும்.

குறுக்குவழி காலை வாரும் இடமும் உண்டு. 10 வோல்ட் ஏற்றிய ஒரு 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரைக் காலியான இன்னொரு 10 மைக்ரோ ஃபாரடோடு ஸ்விட்ச் வழியாக நேராக இணையுங்கள். ரெசிஸ்டரே இல்லாததால் வோல்டேஜ் குதித்தே ஆக வேண்டும். சார்ஜைப் பங்கிட்டால் இரண்டிலும் 5 வோல்ட். 500 மைக்ரோ ஜூல் இருந்த இடத்தில் 250 தான் மிஞ்சும். மீதி கம்பியிலும் ஸ்விட்சிலும் போய்விடும். அவற்றின் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இழப்பு அதே பாதிதான்.

இண்டக்டரும் (எல்) கெபாசிட்டரும் (சி) சேர்ந்து வந்துவிட்டால் லாப்லாஸுக்குப் போவதே மேல். வகைக்கெழுச் சமன்பாட்டைச் சாதாரண இயற்கணிதமாக மாற்றிவிடும் முறை அது. 10 மில்லி ஹென்றி, 1 மைக்ரோ ஃபாரட், 120 ஓம் மூன்றையும் தொடராக வைத்து 10 வோல்ட் கொடுத்தால், அந்தச் சமன்பாட்டு மூலங்களின் மெய்ப்பகுதி மைனஸ் 6000, கற்பனைப்பகுதி கூட்டல் கழித்தல் 8000. அதாவது வோல்டேஜ் ஆடிக்கொண்டே அடங்கும். 0.39 மில்லி விநாடியில் 10.95 வோல்ட் வரை எகிறிவிட்டுத்தான் 10-க்கு இறங்கி வரும். இதே சர்க்யூட்டில் 200 ஓம் வைத்தால் எகிறாது. தொடக்க நிலையை இங்கே கடைசியில் தேட வேண்டாம், முதல் வரியிலேயே ஒரு சோர்ஸாக உள்ளே வந்துவிடும். அந்தச் சோர்ஸின் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டால் அத்தனையும் போச்சு.

இந்தப் பாணிக்கு வழிபோட்டவர் ஆலிவர் ஹெவிசைட். பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தந்தி வேலைக்குப் போனவர். கணிதக்காரர்கள் நிரூபணம் எங்கே என்று கேட்டார்கள், அவருக்கோ விடை சரியாக வந்துகொண்டிருந்தது.

மூன்று நாலு எல், சி சேர்ந்தால் கையால் போட நான் மெனக்கெடுவதில்லை, ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருள்தான். 1973-இல் பெர்க்லியில் லாரன்ஸ் நேகல் எழுதியது, இன்றைய சிமுலேட்டர்கள் பலவற்றுக்கும் அதுதான் மூதாதை. ஆனால் அது தரும் கோட்டை அப்படியே நம்பக்கூடாது. ஸ்விட்ச் மூடியபடியே மேலே சொன்ன 12 வோல்ட் சர்க்யூட்டை வரைந்து ஓட்டினால், 8 வோல்டில் ஒரு நேர்கோடுதான் வரும். முதலில் நிலையான நிலையைக் கணக்கிட்டுவிட்டு, அங்கிருந்துதான் நேரத்தை ஓட்டும். தொடக்க வோல்டேஜை நாமே கொடுக்க வேண்டும், அல்லது ஸ்விட்சைக் கொஞ்சம் தாமதித்து மூட வேண்டும்.

ரிலே (காயிலில் மின்னோட்டம் ஓடினால் இயங்கும் ஸ்விட்ச்) காயிலிலும் இப்படித்தான். 120 ஓம் காயிலில் 0.1 ஆம்பியர் ஓடும்போது ஸ்விட்சைத் திறக்கிறோம். திறந்த ஸ்விட்சுக்கு 1 மெகா ஓம் என்று கொடுத்திருந்தால் திரையில் ஒரு லட்சம் வோல்ட் காட்டும். நிஜத்தில் அதற்கு வெகு முன்பே ஸ்விட்சில் பொறி பறந்துவிடும். காயிலின் குறுக்கே ஒரு டயோடைத் திருப்பிப் போட்டால் மின்னோட்டம் அதன் வழியாகச் சுற்றித் தணியும். காயில் 0.3 ஹென்றி என்றால் நேர மாறிலி 2.5 மில்லி விநாடி. ரிலே சீக்கிரம் விட வேண்டுமா? டயோடோடு தொடராக இன்னொரு 120 ஓம் வையுங்கள், 1.25 ஆகிவிடும். பதிலுக்கு, திறக்கிற கணத்தில் ஸ்விட்ச் ஏறக்குறைய 24.7 வோல்ட் தாங்க வேண்டும்: சப்ளை 12, ரெசிஸ்டரில் 12, டயோடில் 0.7.