பொழுதுபடும்போது திவோலிக்குள் இருக்க வேண்டும்

டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் உள்ள திவோலி கேளிக்கைப் பூங்காவின் நத்தார் விளக்குகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பிற்பகல் மூன்று மணிக்கே உள்ளே போய்விடுங்கள். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். அதற்குப் பிறகு வானம் கருநீலமாகக் கிடக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் மரக்கிளையும் தெரியும், கிளையில் சுற்றிய மின்குமிழும் தெரியும். நன்றாக இருட்டிவிட்டால் கிளை மறைந்து புள்ளிகள் மட்டும் மிஞ்சும். முதல் தடவை நான் இரவு ஏழு மணிக்குப் போய், "இவ்வளவுதானா" என்று திரும்பி வந்தவள்.

இந்த முறை அம்மாவையும் எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஹேர்னிங்கிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அம்மா டென்மார்க் வந்தது 1996இல். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் திவோலியை எட்டிப் பார்த்ததில்லை. "சின்னப் பிள்ளையள் விளையாடுற இடத்தில எனக்கென்ன வேலை?" என்பார். முழங்கால் வலி வேறு. ஆனால் பிரதான ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வீதிக்கு எதிர்ப்பக்கமே ஒரு வாசல் இருக்கிறது. அம்மாவுக்கு அதுவே பாதி சமாதானம்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். நுழைவுச் சீட்டு வேறு, ஆட்டங்களில் ஏறுவதற்கான சீட்டு வேறு. அவசரத்தில் மூன்று பேருக்கும் இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டேன். விளக்கு பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு நுழைவுச் சீட்டே போதும். அம்மா தன் சீட்டின் விலையைக் கேட்டுவிட்டு அதன்பின் பத்து நிமிடம் பேசவில்லை.

திவோலியைத் திறந்தது 1843இல். யோர்க் கார்ஸ்டன்சன் என்பவர், மக்கள் களித்திருந்தால் அரசியல் பேச மாட்டார்கள் என்று சொல்லித்தான் அரசரிடம் அனுமதி வாங்கினாராம். உள்ளே இருக்கும் ஏரி, பழைய நகரக் கோட்டையின் அகழியில் மிச்சம் இருந்த துண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏரிக்கரைதான். வெளிச்சம் தண்ணீரில் இன்னொரு தடவை எரிகிறது. நிம்ப் என்ற 1909ஆம் ஆண்டுக் கட்டடம், அரபு அரண்மனை போன்றது, வளைவு வளைவாகச் சிறு குமிழ்களோடு நிற்கிறது. படம் எடுக்கிற கூட்டம் முழுக்க அதன் முன்னால்தான். அங்கே ஐந்து நிமிடம் போதும், ஏரிக்குப் போய்விடுங்கள்.

இங்கே வெளிச்சம் கண்ணைக் குத்தாது. பெரிய மின்திரைகளும் நிறம் மாறி மாறி அடிக்கும் விளக்குகளும் உள்ள இடங்களுக்கும் போயிருக்கிறேன். அரை மணியில் தலையிடி வந்துவிடும். திவோலியில் பெரும்பாலும் சின்னச் சின்ன மஞ்சள் குமிழ்கள்தான். இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. நாஜிப் படை டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இரவில் வெளிச்சம் தெரியக் கூடாது என்று கட்டளை. அப்போது திவோலியின் கட்டடக் கலைஞராக இருந்த போல் ஹென்னிங்சன், மேலே பறக்கும் விமானத்துக்குத் தெரியாதபடி வெளிச்சத்தைக் கீழே மட்டும் விடுகிற விளக்கு ஒன்றைச் செய்தார். அதனால் இருட்டிய பிறகும் பூங்காவைத் திறந்து வைக்க முடிந்தது. டேனிஷ் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே அடுக்கடுக்காகத் தொங்குகிற விளக்கும் இவர் செய்ததுதான்.

ஏரிக்கரை வாங்கில் இருந்தபடி இதை அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "நாங்களும்தான் செய்தனாங்கள். ஜாம் போத்தலுக்க கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு பஞ்சுத் திரி. பொம்பர் சத்தம் கேட்டா அதையும் நூத்திடுவம்." யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத வருடங்கள் அவை. என்னையும் அந்த விளக்கில்தான் படிக்க வைத்தார். மகன் "ஜாம் எங்கே போச்சு?" என்று கேட்டான். அம்மாவுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது.

அவனுக்கு விளக்கைவிட 1914இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர்தான் பெரிது. பெட்டிகளோடு கூடவே ஒருவர் இருந்து கையால் பிரேக் பிடிக்கிறார். "கண்டக்டரா?" என்று அம்மா கேட்டார். மேலே ஏறும்போது சில நொடிகள் பூங்கா முழுவதும் காலடியில் மினுங்கும்; பிறகு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்கு ஏபிள்ஸ்கிவர். நம் குழிப்பணியாரச் சட்டி மாதிரியே ஒன்றில் சுட்டு, மாச்சீனி தூவி, ஜாமோடு தருவார்கள். அம்மா வீட்டில் பணியாரம் சுடுவதே டேனிஷ் கடையில் வாங்கிய இந்தச் சட்டியில்தான் என்பதால், "மாவில ஏலக்காய் காணாது" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது. முந்திரிவத்தலும் பாதாமும் போட்ட, குளுக் என்ற சூடான மசாலா வைனைக் கையில் பிடித்துக்கொண்டால் விரலுக்கு உயிர் வரும். கையுறையை வீட்டில் விட்டு வந்தவள் சொல்கிறேன்.

வெளியே வரும் நேரத்தில் அம்மா நின்றார். வாங்கிய சீட்டு சும்மா போகிறதே என்பது அவர் கவலை. "காசு குடுத்தாச்சு, ஏதாவது ஒண்டில ஏறத்தான் வேணும்." சரி என்று, 1943இல் வைத்த சின்ன ராட்டினத்துக்குக் கூட்டிப் போனேன். கூண்டுகள் பலூன் வடிவத்தில் இருக்கும், வேகமும் இல்லை. முதல் சுற்று முழுக்க என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். இரண்டாவது சுற்றில் உச்சியில் கண்ணைத் திறந்து கீழே வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, இதுக்கெல்லாம் கரண்ட் பில் எவ்வளவு வரும்?"