ராக்கெட் கிட் நல்ல கிட்தான், ஆனால் மழைக்காலத்தில் வாங்காதீர்கள்

ஜூலையில் ஆன்லைனில் வாங்கிய மாடல் ராக்கெட் கிட்டைப் பற்றி ஜனவரியில்தான் எழுத முடிகிறது, ஏனென்றால் பெயின்ட் வேலை போன வாரம்தான் முடிந்தது. கொடுத்த 1,900 ரூபாய்க்குத் தகும். ஆனால் ஊட்டி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் தென்மேற்குப் பருவமழையில் இதைத் தொடவே தொடாதீர்கள். எங்கள் வீடு கேத்தியில், பட்டுத்தான் சொல்கிறேன்.

பெட்டிக்குள் காகிதக் குழாய், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, பால்சா மரத்தில் மூன்று ஃபின் (வால்பக்கச் சிறகு), கூம்பைக் குழாயோடு இணைக்கும் எலாஸ்டிக், பாராசூட் எல்லாம் இருக்கும். இன்ஜின் வராது. அது கருமருந்து அடைத்த சமாச்சாரம், நம் ஊரில் வாங்குவது சுலபமில்லை, செய்து அலமாரியில் வைக்கத்தான் என்று தெரிந்தே வாங்கினேன்.

மரம் அருமை. ரேகை ஃபினின் முன்விளிம்புக்கு இணையாக ஓடுகிறது, குறுக்கே ஓடினால் தரையில் விழும்போது அப்பளம் மாதிரி உடைந்துவிடும். மூன்றையும் சேர்த்துப் பிடித்து 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் ஒரே அளவாக வரும். ஒட்ட ஃபெவிக்கால் போதும். மெலிதாக ஒரு பூச்சு தடவிக் காயவிட்டு, மேலே இன்னொன்று தடவி ஒட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. அப்புறம் ஃபின் குழாயைத் தொடும் மூலையில் பசையை வழித்துவிட வேண்டும், என் மகள் சுண்டுவிரலால் வழித்தது என்னுடையதைவிட நன்றாக வந்தது.

எலாஸ்டிக்தான் பெரிய குறை. இவ்வளவு குட்டையாக இருந்தால் பாராசூட் வெளியே வரும்போது கூம்பு துள்ளித் திரும்பிக் குழாயிலேயே இடிக்கும். தையல் சாமான் கடையில் ஒரு மீட்டர் வாங்கி மாற்றினேன்.

சரி, பெயின்ட் கதைக்கு வருகிறேன். பால்சா துளை துளையான மரம், நேராக அடித்தால் ரேகை அப்படியே தெரியும், அதனால் மூன்று முறை பட்டி பார்த்துத் தேய்த்தோம். கையேட்டில் ஒரு மணி நேரத்தில் காயும் என்று போட்டிருக்கிறது, எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஆனது. ஆகஸ்டில் மழை விட்ட ஒரு மதியம் திண்ணையில் வைத்து சிவப்பு ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் சிவப்பின் மேல் பாலாடை படிந்தது போல வெள்ளையாகப் பூத்துவிட்டது. பெயின்டில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து பெயின்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேகம் வாசல்வரை இறங்குகிற ஊரில் வேறென்ன நடக்கும். அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டு, ஜனவரிவரை பீரோ மேலேயே வைத்திருந்தோம்.

இப்போது காலையில் புல்மேல் உறைபனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். டின்னைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒரு சாணுக்குமேல் தள்ளிப் பிடித்து மெலிதாக மூன்று கோட்டிங். இந்த முறை கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது, முகம் தெரிகிறது.

பறக்கவிட முடியாவிட்டாலும் ஒன்று செய்து பாருங்கள். இந்த மாதிரி ராக்கெட்டில் போடும் சி6 என்ற ரக இன்ஜினின் எடைக்கு ஈடாக 24 கிராம் களிமண்ணைப் பின்குழாயில் அடைத்து, ராக்கெட் சாயாமல் நிற்கும் இடத்தில் நூல் கட்டி, தலைக்கு மேல் சுற்ற வேண்டும். கூம்பு முன்னால் போனால் நேராகப் பறக்கும் ராக்கெட். எங்களுடையது முதல் சுற்றில் தடுமாறியது, மூன்றாவது சுற்றில் கூம்பை முன்னால் நீட்டிக்கொண்டு போனது. "அப்பா, விடாதீங்க, சுத்துங்க" என்று மகள் முற்றம் முழுக்க ஓடினாள். அடுத்து இரண்டடுக்கு ராக்கெட் கேட்கிறாள், டிசம்பர் கடைசியில் ஆர்டர் போடுவேன்.