ஃபுளுட்டிகசோன் மூக்கு ஸ்பிரே: இங்கிலாந்தின் மகரந்தக் காலத்துக்கு ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தின் மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும் ஒவ்வாமை மருந்துகளில் மிகுந்த பயன் தருவது எது என்று கேட்டால், ஃபுளுட்டிகசோன் புரோப்பியோனேட் அடங்கிய மூக்கு ஸ்பிரேதான் என்று தயங்காமல் சொல்வேன். வாங்கியவர்களில் பலர் இரண்டாம் நாளே பயனில்லை என்று ஒதுக்கிவைத்துவிடும் பொருளும் இதுவே. அவர்கள் அப்படி ஒதுக்குவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஏனெனில் இன்னும் சில நாள்கள் பொறுத்திருந்தால் அந்தக் கோடை முழுவதும் அவர்களுக்கு எளிதாகக் கழிந்திருக்கக்கூடும்.

ஊரிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம்மவர்களில் பலருக்கு முதல் சில கோடைகளில் எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தும்மல் தொடங்கும்போது அதைச் சளி என்றே எண்ணி, ஆவி பிடிப்பதிலும் தைலம் தேய்ப்பதிலும் மிளகு ரசத்திலும் வாரங்கள் கழிந்துவிடுகின்றன. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். மகரந்த ஒவ்வாமையோ காய்ச்சல் இல்லாமல், மூக்கும் அண்ணமும் கண்ணும் அரித்துக்கொண்டு, தண்ணீராக ஒழுகி, வாரக்கணக்கில் நீடிக்கும். இங்கே மரங்களின் மகரந்தம் மார்ச் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையிலும், புற்களுடையது மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை வரையிலும், களைச்செடிகளுடையது ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் வரையிலும் காற்றில் கலந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்குப் பகையாவது புல்லின் மகரந்தமே.

பலரும் முதலில் வாங்குவது மாத்திரையைத்தான். செட்டிரிசின், லொராட்டடின் போன்ற 10 மில்லிகிராம் மாத்திரைகள் மலிவானவை. ஓரிரு மணி நேரத்திற்குள் தும்மலையும் அரிப்பையும் ஒழுகலையும் குறைத்துவிடும். ஆனால் மூக்கடைப்பு மட்டும் அப்படியே இருக்கும். மகரந்தம் மூக்கின் உட்சவ்வில் பட்டதும் அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்னும் காவல் செல்கள், ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. தும்மலும் அரிப்பும் உடனே வருவது அதனால்தான். சில மணி நேரம் கழித்து வேறு வகை வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிந்து, சவ்வு வீங்கி, மூச்சு அடைக்கிறது. மாத்திரை ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கும். ஃபுளுட்டிகசோனோ அந்த அழற்சியை மூட்டிவிடும் பொருள்கள் உருவாவதையே குறைத்து, வீக்கம், ஒழுகல், தும்மல் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தணிக்கிறது. இது செல்லுக்குள் நடக்கும் மெதுவான வேலை என்பதால், முழுப் பயனும் தெரியச் சில நாள்கள் ஆகும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது இம்மருந்துக்கு அப்படியே பொருந்தும்: தமக்கு எந்த மாதத்தில் தொல்லை தொடங்கும் என்று அறிந்தவர்கள் அதற்கு ஓரிரு வாரம் முன்பே தொடங்கி, மகரந்தக் காலம் முடியும் வரை நாள்தோறும் போட்டுக்கொள்வதே முறை. தும்மல் வந்த அன்று மட்டும் அடித்துக்கொள்பவர்களுக்கு இதனால் பெரிய நன்மை இல்லை.

அடுத்தது, போடும் விதம். மூக்கை மெதுவாகச் சிந்தி, புட்டியைக் குலுக்கி, தலையைச் சற்று முன்புறம் தாழ்த்தி, வலக்கையால் இடது துளையிலும் இடக்கையால் வலது துளையிலும் அடிக்க வேண்டும். இப்படி எதிர்க்கையால் பிடித்தால், முனை மூக்கின் நடுச்சுவரை விட்டு விலகி வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும். நடுச்சுவரிலேயே நாள்தோறும் மருந்து படுவதுதான் எரிச்சலுக்கும் இரத்தக் கசிவுக்கும் முக்கியக் காரணம். அடித்த பின் மெல்ல மூச்சை இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும், மூக்கில் தங்காது. இத்தனை முக்கியமான செய்தியைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டு வைத்திருப்பது பெரிய குறை. மருந்தாளரிடம் கேட்டால் செய்து காட்டுவார். கூச்சப்படாமல் கேட்பது நல்லது.

ஒரு முறை அழுத்தினால் 50 மைக்ரோகிராம் மருந்து வரும். பெரியவர்களுக்கு ஒவ்வொரு துளையிலும் இரண்டு முறை, நாளுக்கு ஒரு வேளை, காலையில் என்றால் நல்லது. தொல்லை அடங்கியதும் ஒரு முறையாகக் குறைத்துக்கொள்ளலாம். பெயர்பெற்ற பெட்டியிலும் மலிவான பெட்டியிலும் மருந்தும் அளவும் ஒன்றாகவே இருக்கும்போது கூடுதல் விலை கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. புட்டியிலிருந்து ரோஜாவைப் போன்ற ஒரு மணம் வரும். அதில் சேர்த்திருக்கும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்னும் பொருளின் மணம் அது. வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது தொல்லையாக இருக்கலாம். அதே அலமாரியில் பெக்ளோமெட்டசோன் ஸ்பிரேயும் இருக்கும். அதுவும் இதே இனம்தான், ஆனால் நாளுக்கு இரண்டு வேளை போட வேண்டும் என்பதால் நான் ஃபுளுட்டிகசோனையே விரும்புகிறேன்.

ஃபுளுட்டிகசோன் ஒரு ஸ்டீராய்டு. அந்தச் சொல்லைக் கேட்டதுமே நம் வீடுகளில் அச்சம் எழுகிறது. மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றிய அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஃபுளுட்டிகசோனை மூக்கில் இந்த அளவில் போடும்போது இரத்தத்தில் கலப்பது மிகச் சிறிய பங்கே. இருந்தாலும், கண் நீரழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களும், அண்மையில் மூக்கில் அறுவை செய்துகொண்டவர்களும், எச்.ஐ.வி.க்கு ரிட்டோனவிர் போன்ற மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கடையில் நேரடியாக விற்கப்படுவது 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே; குழந்தைகளுக்கு மருத்துவரே அளவு சொல்ல வேண்டும்.

சைலோமெட்டசோலின் அடங்கிய, உடனே மூக்கைத் திறந்துவிடும் ஸ்பிரேயை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நிமிடங்களில் வேலை செய்வதால் பலரும் அதையே உயர்வாக எண்ணுகிறார்கள். ஆனால் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கி, அதை விட முடியாத நிலைக்குக் கொண்டுவிடும். பருவம் முழுவதும் பயன்படுத்த ஏற்றதன்று.

கண் அரிப்பு இந்த ஸ்பிரேயால் ஓரளவு குறையும். சிலருக்கு அது போதாது. அவர்கள் சோடியம் குரோமோகிளிகேட் சொட்டு மருந்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த ஸ்பிரேயை இன்ஹேலருக்கு மாற்றாக நினைக்கவே கூடாது. 1994 ஜூன் 24, 25 தேதிகளில் லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் இடியுடன் மழை பெய்தபோது நூற்றுக்கணக்கானோர் காற்றிலிருந்த மகரந்தத்தால் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அவர்களில் பலர் அதுவரை மகரந்த ஒவ்வாமை மட்டுமே உள்ளவர்கள். மார்பில் இறுக்கமோ இழுப்போ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

முறையாகப் போட்டும் அடங்காதவர்களுக்கு, அசெலாஸ்டின் என்னும் ஹிஸ்டமின் தடுப்பு மருந்தும் ஃபுளுட்டிகசோனும் கலந்த ஸ்பிரேயை மருத்துவர் எழுதித் தரலாம். அதற்கும் மசியாத புல் ஒவ்வாமைக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைச் சிகிச்சை உண்டு. அதைப் பருவம் தொடங்குவதற்கு 4 மாதமாவது முன்பு ஆரம்பித்து, 3 ஆண்டுகள் தொடர வேண்டும். தகுதி உண்டா என்று தீர்மானிப்பது சிறப்பு மருத்துவமனை என்பதால், இந்தக் கோடையில் ஸ்பிரே கைகொடுக்காதவர்கள் இலையுதிர் காலத்திலேயே தங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசி, அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.